கொழுப்பும் ஒரு சுரப்பிதான்: பிரஷர்காரர்களைத் திட்டுவதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில் ரத்தக் கொதிப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தள்ளி வைக்க வேண்டும், மாத்திரையை நடுவில் விடக் கூடாது என்று எழுதியிருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் உடம்பு பருத்தவர்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. வாயைக் கட்டினால் பிரஷர் தானாக இறங்கிவிடுமாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் விருதுநகர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் முகங்களை எனக்குத் தெரியும். மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக வரும் பெண்கள், தறிக்காரர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். மாதம் ஒருமுறை சீட்டை நீட்டி அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை வாங்கிப் போவார்கள். அவர்களில் உடம்பு வைத்த பெண்கள் மட்டும் சீட்டை நீட்டும்போதே குனிந்துகொள்வார்கள். ஏனென்றால் உள்ளே யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்திருப்பார்கள். "தின்னு தின்னு உடம்ப வளர்த்துட்டு இங்க வந்து மாத்திரை கேட்டா எப்படி?" வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி இது சொல்லப்படும். அடுத்த மாதம் அந்தச் சீட்டு வராது.

என் மதினிக்கும் இதுதான் நடந்தது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவில்லை. தலைசுற்றல் என்று ஒரு மருத்துவமனைக்குப் போனார். கையில் பட்டையைச் சுற்றினார்கள். காற்று ஏற ஏற ஒட்டுப்பட்டை பிய்த்துக்கொண்டு விலகியது. ஒருவர் கையால் அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பார்த்து, 170-க்கு 100 என்று எழுதினார். "மொதல்ல உடம்பக் குறைங்க, அப்புறம் மத்ததப் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மதினி வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். அந்தப் பக்கமே போவதையும் நிறுத்தினார். "நீயே சொல்லு, ஒங்க அண்ணன் சாப்புடறதுல பாதி கூட நான் சாப்புடறதில்ல. நான் அப்படி என்ன தின்னுட்டேன்?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலில் இருந்தது கோபம்கூட இல்லை, வெட்கம்.

மருத்துவ மேற்படிப்பு படிக்கும் அவருடைய மகள்தான் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பினாள். "அத்தை, இதப் படிச்சுட்டு அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள். மதினிக்குச் சொன்னதைத்தான் உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

நான் மருந்தாளுநர் டிப்ளமோ படித்த காலத்தில் உடம்பின் கொழுப்பு என்றால் மிச்சம் மீதியைப் போட்டு வைக்கிற கிட்டங்கி, அவ்வளவுதான். தைராய்டு சுரப்பி, கணையம் சுரப்பி, அட்ரினல் சுரப்பி. கொழுப்புக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949-ல் அங்கே வளர்த்த எலிகளில் சில அளவில்லாமல் தின்று, மற்ற எலிகளைப்போல் மூன்று மடங்கு எடைக்கு ஊதின. அது பரம்பரையாக வருகிற குறை என்று தெரிந்தது. அதே ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் என்பவர் பிறகு ஒரு சோதனை செய்தார். குண்டு எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்குள் ஓடும்படி செய்தார். குண்டு எலி தீனியைக் குறைத்துக்கொண்டது! சாதாரண எலியின் ரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒன்று 'போதும்' என்று சொல்கிறது, குண்டு எலியிடம் அந்த ஒன்று இல்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். அது என்ன என்பதை 1994 டிசம்பரில் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்துச் சொன்னது. லெப்டின் என்ற ஹார்மோன். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. கிட்டங்கி என்று நாம் நினைத்தது சுரப்பியாகிவிட்டது. இது நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

லெப்டின் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. உடம்பில் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிவிக்கிறது. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும். கூடினால் பசி அடங்க வேண்டும். அப்படியானால் பருத்தவர்களுக்குப் பசியே எடுக்கக் கூடாது அல்லவா? அவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏராளமாக இருக்கிறது. ஆனால் பசி அடங்குவதில்லை. மூளை அந்தச் சேதிக்குப் பழகி மரத்துப்போகிறது. சர்க்கரை நோயில் இன்சுலின் இருந்தும் வேலை செய்யாமல் போகிறதே, அதே வகை. "கொஞ்சம் அடக்கிக்கோ" என்று ஒருவரிடம் சொல்லும்போது, அவருக்குள் அடக்க வேண்டிய ஹார்மோனே கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதைச் சொல்கிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரத்தக் கொதிப்புக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இதுவரை சொன்னது பீடிகை. சொல்ல வந்ததே இதுதான். லெப்டின் மூளையில் பசியை மட்டும் தொடுவதில்லை. பயந்தாலோ ஓடினாலோ நெஞ்சைப் படபடக்க வைக்கிற பரிவு நரம்புகளையும் அது முடுக்கிவிடுகிறது. அந்த நரம்புகளில் ஒரு கிளை சிறுநீரகத்துக்குப் போகிறது. அது முடுக்கப்பட்டால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். உப்போடு தண்ணீரும் தங்கும். ரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பருத்த எலிகளில் பசி விஷயத்தில் லெப்டினுக்கு மரத்துப்போன மூளை, சிறுநீரக நரம்பு விஷயத்தில் மரத்துப்போகவில்லை. அதாவது லெப்டினால் வரக்கூடிய நன்மை நின்றுவிடுகிறது, கெடுதல் மட்டும் தொடர்கிறது. இதைப் படித்த அன்று மதினிக்குப் போன் போட்டு இந்த ஒரு பத்தியை மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

எலிக்கு நடப்பது மனிதனுக்கு நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லக் கிடைத்தவர்கள் மிக அபூர்வமான சில மனிதர்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-ல் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்தில் ஒன்றுவிட்ட உறவான இருவர். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் குழந்தைகளுக்குப் பசி தீராது. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் ஒரே ஆண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. சாப்பாட்டுக்காக அழுத பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலச் சாப்பிட ஆரம்பித்தது. இது மன உறுதியால் வந்த மாற்றமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்படி லெப்டின் இல்லாமலோ, லெப்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பி வேலை செய்யாமலோ பிறந்தவர்களின் ரத்த அழுத்தத்தையும் பார்த்தார்கள். 2014-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று செய்த ஆய்வு அது. அவ்வளவு கடுமையான பருமன் இருந்தும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாகவே இருந்தது. அதற்கு முன்பே, 2009-ல், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லெப்டினுக்கு அடுத்த கண்ணியைப் பார்த்திருந்தார்கள். லெப்டின் சொல்வதை மூளைக்குள் கடத்துகிற எம்.சி.4.ஆர். என்ற ஏற்பி பழுதான பருமனானவர்களையும், அந்த ஏற்பி நன்றாக உள்ள பருமனானவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னவர்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. ஏற்பி பழுதானவர்களில் 24 சதவீதம்தான். இரு தரப்பும் பருமன்தான். வித்தியாசம் அந்தச் சேதி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

வெறும் எடைதான் இதயத்துக்குப் பாரம், அதனால்தான் பிரஷர் என்று சொல்லிக்கொண்டிருந்த விளக்கத்துக்கு இவ்விரண்டும் நேரான மறுப்பு. பாரம் மட்டுமே காரணமாக இருந்தால் லெப்டின் இல்லாத குழந்தைக்குத்தான் பிரஷர் எகிறியிருக்க வேண்டும்.

சிறுநீரக நரம்பு பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் ஹால் என்ற உடலியங்கியல் பேராசிரியர் இந்தத் துறையிலேயே ஊறியவர். 1990-களில் அவர் குழு நாய்களுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பருக்க வைத்தது. சில நாய்களுக்கு மட்டும் சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பை முன்பே துண்டித்திருந்தார்கள். எல்லா நாய்களும் பருத்தன. நரம்பு துண்டிக்கப்பட்டவற்றுக்கு மட்டும் அழுத்தம் மற்றவற்றைப்போல ஏறவில்லை. வேறு காரணம் எதுவும் தெரியாமல் வருகிற சாதாரண ரத்தக் கொதிப்பில் 65 முதல் 75 சதவீதம் வரை கூடுதல் எடையோடு தொடர்புடையது என்பது அவர் எழுதிவருகிற கணக்கு.

லெப்டின் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. கொழுப்புத் திசு வேறு பலவற்றையும் சுரக்கிறது. ஆஞ்சியோடென்சினோஜென் என்று ஒன்று. இதை முக்கியமாகக் கல்லீரல் செய்கிறது. கொழுப்புத் திசுவும் செய்கிறது. அதிலிருந்துதான் ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் வருகிறது. அடுத்தது அல்டோஸ்டிரோன், உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிற அட்ரினல் ஹார்மோன். பருமனில் இது கூடுகிறது. லெப்டின் நேராக அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்டிரோனைக் கூட்டுவதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். இவற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது அடிபோனெக்டின். இதையும் கொழுப்புதான் சுரக்கிறது, ஆனால் இது நல்ல பிள்ளை; ரத்தக் குழாயின் உட்சுவரைத் தளர்த்தி விரிய வைக்கும். வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர இந்த நல்லது குறைந்துபோகிறது.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் எடுத்துக் கொடுத்த மாத்திரைகள் எனக்கு இப்போதுதான் முழுதாக அர்த்தமாகின்றன. எனலாபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் எல்லாம் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கிறவை. ஸ்பைரோனோலாக்டோன் அல்டோஸ்டிரோனைத் தடுக்கிறது. மூன்று மாத்திரைக்கும் அடங்காத ரத்தக் கொதிப்புக்கு நான்காவதாக எதைச் சேர்க்கலாம் என்று பிரிட்டனில் பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஸ்பைரோனோலாக்டோன்தான் முந்தியது. இன்னொரு பக்கம், அட்டெனலால் வகை மாத்திரைகள் சிலருக்கு எடையைச் சற்றுக் கூட்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையைத் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. அட்டெனலாலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலி வரலாம், அது ஆபத்து. ஆனால் மருத்துவரிடம் கேட்கலாம்: "எனக்கு உடம்பு வைத்திருக்கிறது, இந்த மாத்திரை எனக்குப் பொருத்தமா?" அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் கோபப்படுகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகச் சொல்கிறவர்களும் நிறையவே இருக்கிறார்கள்.

இனி நம் ஊர் விஷயம். "நான் ஒல்லிதானே, எனக்கு இதெல்லாம் கிடையாது" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. கையும் காலும் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயது ஆண்களைப் பாருங்கள், புரியும். புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004-ல் தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். புனேயில் பிறக்கும் குழந்தைகளை யாஜ்னிக் குழு இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டதில், நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்களுடையவை 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் நம் குழந்தைகளுக்குச் சிறியவை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே இப்படி. அரைவயிற்றுக்கு உண்ட தாய்மார்களின் கதையும் இதற்குள் இருக்கிறது. அதற்கு மகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

சென்னையிலும் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னை மக்களிடையே செய்த நகர்ப்புற-கிராமப்புற ஆய்வின் ஒரு பகுதியாக, அடிபோனெக்டின் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்து கெடும் நிலை காணப்படுகிறது என்று 2005-ல் எழுதினார்கள். அவர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க 1,13,043 பேரைப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. ரத்தக் கொதிப்பு 35.5 சதவீதம். மொத்த உடல் பருமன் 28.6 சதவீதம். வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம். கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை பார்க்கும் இயந்திரத்தில் மட்டும் ஏற்றி அனுப்பினால் எத்தனை பேரைத் தவறவிடுவோம்!

லெப்டினைப் பொறுத்தவரை தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புதான் கூடுதலாகச் சுரக்கிறது. அப்புறம் ஏன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். வயிற்றுக்குள் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேரும் கொழுப்புக்கு வேறு கெடுதல்கள் உண்டு. அடிபோனெக்டினைக் குறைப்பது, இன்சுலின் வேலை செய்ய விடாமல் தடுப்பது, சிறுநீரகத்தையே வெளியிலிருந்து அமுக்குவது. எந்தக் கொழுப்பு எந்த ஹார்மோனை எவ்வளவு சுரக்கிறது என்று சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து அளக்க முடியாது. அளக்கவும் வேண்டாம். இடுப்பைச் சுற்றி இஞ்ச் டேப் வைத்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் மக்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வேட்டியோ பாவாடையோ கட்டுகிற இடத்தில் அளப்பது சரியாக வராது. தொப்பை இருப்பவர்கள் தொப்பைக்குக் கீழேதான் கட்டுவார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நடக்க முடியாதவர் வீட்டுத் திண்ணைக்கே பிரஷர் மாத்திரை போகிறது என்பது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கனவில்கூடக் கிடையாது. வீடு வீடாகப் போகும் அந்தத் தன்னார்வலப் பெண்களின் பையில் பிரஷர் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்கின்றன. அதோடு ஒரு இஞ்ச் டேப்பும், பெரிய அளவுக் கைப்பட்டை ஒன்றும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இடுப்பளவை எழுத நோயாளியின் புத்தகத்தில் ஒரு கட்டமும் வேண்டும். எழுத இடம் இல்லாத ஒன்றை யாரும் அளக்க மாட்டார்கள்.

கைப்பட்டையை நான் சும்மா கேட்கவில்லை. மேற்கையின் சுற்றளவு 34 செ.மீ.-ஐத் தாண்டினால் வழக்கமான பட்டை பொய் சொல்லும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்டதில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு சராசரியாக 20 புள்ளி கூடக் காட்டியது. 130 இருக்கிறவருக்கு 150 என்று எழுதி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் அவர் குளியலறையில் மயங்கி விழுவார். மதினிக்குப் பிறகு அவர் மகள் பெரிய பட்டை வைத்துப் பார்த்தபோது 152-க்கு 94. ரத்தக் கொதிப்பு இருக்கத்தான் செய்கிறது, மருந்தும் தேவைதான். ஆனால் அன்று பயமுறுத்தி எழுதிய அளவு அது இல்லை.

உப்பைப் பற்றி உங்கள் கட்டுரை சொன்னதை நான் மறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும் நிலையில் இருக்கிறவருக்கு உப்பு இன்னும் கூடுதலாகக் கெடுதல் செய்யும். நாளுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பருத்தவர்கள் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். குறட்டையையும் விட்டுவிடக் கூடாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அதே பரிவு நரம்புகள் ராத்திரி முழுக்க முடுக்கப்படுகின்றன. காலையில் எழும்போதே தலைவலி, பகலில் தூங்கி வழிதல் இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

எடை குறைந்தால் அழுத்தம் குறையும் என்பது உண்மை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறக்குறைய ஒரு புள்ளி குறைகிறது. நாலைந்து கிலோ குறைந்தாலே பலன் தெரியும்; யாரும் பத்தாம் வகுப்பு எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. அந்த நாலைந்து கிலோவைக் குறைக்கும்போது லெப்டின் இறங்குகிறது, இறங்கியதும் மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டுகிறது. குறைத்த எடை திரும்ப ஏறுவதற்கு இது பெரிய காரணம். ஆகையால் எடை குறைப்பதற்கு நோயாளிக்குத் துணை வேண்டும். என்ன சமைக்கிறீர்கள், யாருக்கு முதலில் பரிமாறுகிறீர்கள், மிஞ்சியதை யார் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று உட்கார வைத்துக் கேட்கிற ஆள் வேண்டும். மாவட்டம் முழுக்க எண்ணிப் பார்த்தாலும் உணவியல் நிபுணர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? ரேஷன் அரிசியில் மூன்று வேளையும் ஓட்டுகிற வீட்டில் 'புரதம் சேருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது ஆலோசனை ஆகாது. பருப்புக்கும் முட்டைக்கும் அந்த வீட்டில் எங்கிருந்து காசு வரும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. லெப்டின் என்ற பேர் தெரிந்ததும் கைப்பேசியில் தேடுவீர்கள். 'லெப்டினைச் சரிசெய்யும்' பொடி, மாத்திரை, டீ என்று விளம்பரங்கள் வரிசை கட்டும். பணத்தைத் தொலைக்காதீர்கள். லெப்டின் மருந்து என்பது பிறவியிலேயே அது சுரக்காதவர்களுக்கும், உடம்பில் கொழுப்பே தங்காத அபூர்வ நோய் உள்ளவர்களுக்கும் உள்ளது. மற்றவர்கள் ரத்தத்தில் அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. லெப்டின் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனைக்குக் காசு கட்டுவதும் வீண். 2025-லிருந்து எடை குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்திருக்கின்றன. அவை வேறு வகை, குடல் ஹார்மோனின் வழியில் வேலை செய்கிறவை. எடையோடு ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்குகின்றன என்பது ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் விலை, பக்கவிளைவு, நிறுத்தினால் எடை திரும்ப ஏறுவது எல்லாவற்றையும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசாமல் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்குவது உயிரோடு விளையாடுவது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. மருத்துவப் பக்கத்தில் கொழுப்புத் திசுவின் ஹார்மோன்களும் ரத்தக் கொதிப்பும் பற்றி, விவரம் தெரிந்த ஒரு சிறுநீரக மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ எழுதச் சொல்லுங்கள். இடுப்பளவை வீட்டில் எப்படி எடுப்பது என்று படம் போட்டுக் காட்டுங்கள். அடுத்து, பருமன் பற்றிய செய்திகளுக்குத் தலையில்லாத தொப்பைப் படத்தைப் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். அதைப் பார்க்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள், பிரஷர் பார்க்க வருவதில்லை.

மருத்துவமனைகளில் வேலை பார்க்கிற என் முன்னாள் சகாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் எவ்வளவு, ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த நெரிசலிலும் "ஏன் இவ்ளோ உடம்பு?" என்று கேட்பதற்கு ஆகிற அதே நேரத்தில், "போன மாசத்துக்கு இந்த மாசம் இடுப்பு எவ்வளவு இருக்குன்னு பாப்போமா, தாயி?" என்று கேட்டுவிடலாம். என் மதினி இப்போது மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிறார். தையல் மேசையில் கிடக்கும் இஞ்ச் டேப்பால் அவரே அளந்து, தேதி போட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைக்கிறார், உள்ளே அதற்கு இன்னும் கட்டம் இல்லாததால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
அருப்புக்கோட்டை.